அலுவலக ஹாலோவீனுக்கு வீட்டில் செய்யும் முகமூடி: காகிதமா, ஃபோமா, அட்டையா, துணியா?

பிள்ளைகள் ஹாலோவீன் முகமூடியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அலுவலகத்தில் அப்படி முடியாது. காலை பதினொரு மணிக்கு மாட்டினால் மதிய விருந்து, உடைப் போட்டி, குழுப் புகைப்படம் எல்லாம் முடிய மூன்று மணியாகிவிடும். நடுவில் பேச வேண்டும், சாப்பிட வேண்டும், படியிறங்க வேண்டும். அதனால் எந்தப் பொருளில் செய்வது என்பதற்கு முன்பே முகமூடி எதுவரை மறைக்கும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். நெற்றியிலிருந்து மேலுதடு வரை மறைக்கும் அரை முகமூடிதான் அலுவலகத்துக்குச் சரி. முழு முகத்தையும் மூடினால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கும், கண்ணாடி பனிக்கும், பேசுவது எதிரே இருப்பவருக்குக் கேட்காது, கழற்றாமல் ஒரு வாய் சாப்பிட முடியாது. முகத்தை முழுதாக மறைக்க வேண்டாம், பொம்மை ஆயுதம் கொண்டுவர வேண்டாம் என்று பல நிறுவனங்கள் விழா மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுகின்றன. அந்த மின்னஞ்சலைக் கடைசி வரி வரை படித்துவிட்டே கத்தரிக்கோலை எடுங்கள்.

அடுத்தது கையில் இருக்கும் நாட்கள். 2026-ல் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 சனிக்கிழமை வருகிறது. அலுவலகக் கொண்டாட்டம் அநேகமாக வெள்ளிக்கிழமையோ அதற்கும் முன்போ இருக்கும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வாரம் இருந்தால் காகிதம். இரண்டு மூன்று மாலைகள் இருந்து, கருவிகளும் இருந்தால் ஃபோம். ஒரே மாலைதான் என்றால் அட்டை அல்லது துணி. கண்ணாடி போடுகிறவர்கள் அட்டையைத் தவிர்த்துவிட்டுத் துணிக்குப் போகலாம்.

முதலில் காகிதம். செலவுக்கும் விளைவுக்கும் பார்த்தால் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை செய்கிறவர்கள் காகிதக்கூழை அச்சில் அழுத்தி எடுப்பார்கள். வீட்டில் ஒரே ஒரு முகமூடிக்கு அச்சும் வேண்டாம், கூழும் வேண்டாம். கிழித்த காகிதக் கீற்றுகளை அடுக்கடுக்காக ஒட்டினால் கூழைவிட மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும்.

பலூனை ஊதி அதன்மேல் ஒட்டச் சொல்லும் முறையை விட்டுவிடுங்கள். பூசணிக்காய்த் தலைக்கு அது பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. இரவில் அறை குளிர்ந்தால் பலூன் சுருங்கும், ஈரக் காகிதமும் அதோடு உள்வாங்கிவிடும். அதைவிடச் சமையலறை அலுமினியம் ஃபாயில் நல்லது. மூன்று நான்கு மடிப்பாக மடித்து, நெற்றியிலிருந்து மேலுதடு வரை முகத்தில் வைத்து விரல் நுனியால் அழுத்துங்கள். மூக்குத் துளைகள் திறந்திருக்கட்டும். புருவ மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு மூன்றும் பதிந்தால் போதும். கண்ணாடி போடுகிறவர் பழைய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டே ஃபாயிலை அழுத்த வேண்டும். அப்போதுதான் பிரேமுக்கு வேண்டிய இடம் முகமூடிக்குள் தானாக அமையும். பிறகு அரத்தால் தேய்த்து இடம் உண்டாக்க முடியாது. ஃபாயிலை மெல்லக் கழற்றி, பின்புறத்தில் கசக்கிய செய்தித்தாளை இறுக்கி அடைத்து, ஒரு அட்டைமேல் வைத்து மாஸ்கிங் டேப்பால் முழுவதும் மூடுங்கள். ஃபாயில்மேல் பசை நேரடியாகப் பிடிக்காது, டேப்மேல் பிடிக்கும்.

என்ன முகம் என்று இந்தக் கட்டத்தில் முடிவாகியிருக்க வேண்டும். தமிழர்கள் செய்வதற்குத் திருஷ்டி பொம்மை முகத்தைவிடப் பொருத்தமானது கிடைக்காது. பிதுங்கிய கண், கோரைப்பல், கொம்பு, முறுக்கு மீசை என்று பார்த்தவுடன் மிரட்டும். எந்தத் தெய்வத்தின் முகமும் அல்ல, எந்த இனத்தாரையும் கேலி செய்வதும் அல்ல. அரை முகமூடிக்கு இன்னொரு வசதியும் உண்டு: மீசை மேலுதட்டின்மேல் வந்து உட்காருவதால் முகமூடி முடிகிற விளிம்பு கண்ணில் படாது, வாய் சாப்பிடத் திறந்தே இருக்கும். கண்களுக்கு ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 40 மி.மீ., பெரியவர் முகத்துக்கு அளவாக இருக்கும். ஆனால் அவற்றை உங்கள் கண்ணுக்கு நேராக ஒட்டக்கூடாது. இரண்டு விரல் மேலே, புருவத்தின்மேல் ஒட்டி, நீங்கள் பார்ப்பதற்கான துளையை அந்தக் கண்களின் அடியிலுள்ள நிழலில் வையுங்கள். துளையின் உள்பக்கம் கறுப்பு வலைத்துணி ஒரு துண்டு ஒட்டினால் வெளியே இருந்து துளையே தெரியாது. கொம்பையும் மீசையையும் செய்தித்தாளைச் சுருட்டி டேப் சுற்றிச் செய்து, இந்த ஃபாயில் அடித்தளத்திலேயே இறுக்கி ஒட்டிவிட வேண்டும். காகிதம் ஒட்டிக் காய்ந்தபின் சேர்த்தால் தட்டியவுடன் கழன்று வரும்.

பசைக்கு அரை கப் மைதாவை அரை கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் நீரில் ஊற்றி, மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போலத் தெளிந்தால் இறக்கி, ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்து ஆறவிடுங்கள். உப்பு பூஞ்சையைத் தள்ளிப்போடும். புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது நமக்குத் தெரிந்ததுதான். முகத்தில் படுகிற பொருளில் அது கூடவே கூடாது, நஞ்சு. பசை காய்ச்ச நேரமில்லையென்றால் எல்மர்ஸ், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. செலவு கூடும், பூஞ்சைப் பயம் குறையும்.

செய்தித்தாளை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஒவ்வொரு கீற்றின் ஓரமும் கோடாகத் தெரியும். கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பசையில் தோய்த்த கீற்றை இரண்டு விரலுக்கிடையே இழுத்து வழித்துவிட்டு ஒட்டுங்கள். பலரும் சொதப்புவது இந்த இடத்தில்தான். பசை அதிகமானால் வலு கூடும் என்று நினைத்துத் தடித்துப் பூசினால் உள்ளே ஈரம் சிக்கி, மூன்றாம் நாள் புளித்த வாடை வரும். மொத்தம் நான்கு அடுக்கு: முதல் அடுக்கு செய்தித்தாள், இரண்டாவது கடைப் பழுப்புப் பை, மறுபடி செய்தித்தாள், மறுபடி பழுப்பு. நிறம் மாறி மாறி வருவதால் எங்கே அடுக்கு விட்டுப்போனது என்று பார்த்தவுடன் தெரியும். பழுப்புக் காகிதம் கனமானது. நனைத்துக் கசக்கிப் பிழிந்தபின்தான் வளைவுகளில் படியும்.

ஒரு நாளில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். மின்விசிறிக் காற்றில் 24 மணி நேரம் விட்டு, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நான்கு அடுக்கும் வெளியே காய்ந்ததும் ஃபாயில் அடித்தளத்திலிருந்து பிரித்து, உள்பக்கத்தையும் ஒரு நாள் காயவிட வேண்டும். அப்போது காகிதம் விரிந்து கொடுத்து, காதோரம் இரண்டும் விலகப் பார்க்கும். ஒரு நூலை இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். ஓரங்களை நறுக்கியபின் சிறு கீற்றுகளை விளிம்பின்மேல் மடித்து ஒட்டாமல் விட்டால், கழற்றி மாட்டும்போது அடுக்குகள் பிரிந்து வரும்.

மேலே வெள்ளை பிரைமர் இரண்டு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட். உள்பக்கத்தை மறக்கிறவர்கள்தான் அதிகம். நான்கு மணி நேரத்து வியர்வையும் மூச்சும் மைதாவை மறுபடி இளக்கிவிடும். தண்ணீரில் கரையும் வகை பாலியூரிதேன் வார்னிஷை உள்ளே இரண்டு முறை பூசுங்கள். பசையாகவும் மேல்பூச்சாகவும் விற்கும் மாட் பாட்ஜ் வேண்டாம். முழுதாக இறுக அதற்கு நான்கு வாரம் வேண்டும், அதுவரை வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டிவிட்டால் தோலில் உரசாது.

நியூஜெர்சி, டொராண்டோ வீடுகளில் ஹீட்டர் ஓடத் தொடங்கும் காலம் என்பதால் காகிதம் சீக்கிரம் காயும். அமெரிக்க நிறுவனங்களின் சென்னை அலுவலகங்களிலும் இந்தக் கொண்டாட்டம் உண்டு. அங்கே அக்டோபர் கடைசி வடகிழக்குப் பருவமழைக் காலம். அடுக்குக்கு அடுக்கு இரண்டு நாள் என்று கணக்குப் போடுங்கள், அல்லது மைதாவை விட்டு வெள்ளைப் பசைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஃபோம் என்றால் இங்கே ஈவிஏ ஃபோம், ரப்பர்போல் வளையும் மென்தகடு. கைவினைக் கடையில் 2 மி.மீ. தாள்களாகவும், உடைகள் செய்கிறவர்களுக்கான கடைகளில் 5, 10 மி.மீ. தகடுகளாகவும் கிடைக்கும். ரோபோ, கவசம், கூரான எலும்புக்கூடு போன்ற முகங்களுக்கு இது காகிதத்தைவிட மேல்: கோடுகள் கூர்மையாக வரும், கீழே விழுந்தாலும் உடையாது, எடையே தெரியாது. ஆனால் ஹீட் கன்னும் (சூடான காற்றை வீசும் கருவி) காண்டாக்ட் சிமெண்டும் (ரப்பர் ஒட்டும் வகைப் பசை) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். இரண்டையும் புதிதாக வாங்கினால் காகித முகமூடியின் செலவைப்போல் சில மடங்காகிவிடும். அடுத்த ஆண்டும் செய்வீர்கள் என்றால் வாங்கலாம்.

வெட்டும் வடிவத்தை முகத்திலிருந்தே எடுக்க வேண்டும். நெற்றி, கண், கன்னம் அளவில் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மூச்சுக்கு மூக்கையும் வாயையும் விட்டு, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இதற்கு இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். டேப்மேல் நடுக்கோடு போட்டு, வேண்டிய வடிவத்தை ஒரு பாதியில் மட்டும் வரைந்து, கழற்றி வெட்டித் தட்டையாக்குங்கள். அந்தப் பாதியைத் திருப்பி வைத்து வரைந்தால் மறுபாதி. இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைந்தால் முகம் கோணலாகத்தான் வரும்.

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு கத்தியின் நுனியை அடிக்கடி உடைத்துப் புது முனையில் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த விளிம்பு எந்தப் பசையிலும் சேராது. சிமெண்டை ஒட்டவேண்டிய இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலைவரை, பத்துப் பதினைந்து நிமிடம், விடுங்கள். பிறகு சேர்த்தால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை, ஆகவே ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்த்தால் அரைமணியில் மூட்டு வாயைத் திறக்கும். இந்தச் சிமெண்டின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலைச்சுற்றலும் தரும். அடுப்பு எரியும் சமையலறையில் தொடவே கூடாது. வட அமெரிக்காவில் இதனால் ஒரு சிக்கல்: காற்றோட்டத்துக்காக கராஜுக்கோ பால்கனிக்கோ போனால் குளிர். 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சிமெண்ட் ஒழுங்காகக் காயாது. மதிய வெயிலில் அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

ஒட்டும் முன் துண்டுகளை ஹீட் கன்னால் சூடாக்கி முழங்காலில் வைத்து வளைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் வளைவு நிலைத்துவிடும். சூடுபட்ட மேற்பரப்பின் துளைகள் மூடி, லேசாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு முழுவதும் வந்தால் நிறுத்திவிட வேண்டும். மேலும் சூடாக்கினால் கொப்புளம். அதன்மேல் பிளாஸ்டி டிப் என்ற ரப்பர் ஸ்பிரே மூன்று பூச்சு, இல்லையென்றால் நீர்த்த வெள்ளைப் பசை நான்கைந்து பூச்சு. இந்தப் படியைத் தாண்டி நேரே அக்ரிலிக் அடித்தால் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துவிடும். மாட்டும்போது வளைந்த இடத்தில் வெடிக்கும். ஸ்பிரே அடித்த முகமூடியை இரண்டு நாளாவது காற்றாட வையுங்கள். ஜன்னல் திறக்காத அலுவலக அறையில் அந்த வாடை பக்கத்து மேசைக்காரருக்குத் தலைவலியாகிவிடும்.

அட்டை முகமூடி, அதாவது முக்கோணங்களாக மடித்து ஒட்டும் ஓநாய், நரி, மண்டையோடு வகை, ஒரே மாலையில் முடியும். விண்டர்கிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்கும் வரைபடங்கள் இந்த வகையில் புகழ்பெற்றவை. 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள அட்டையில் அச்சிட வேண்டும்; அமெரிக்கக் கடையில் 110 பவுண்டு இண்டெக்ஸ் என்று கேட்டால் அதுதான். வீட்டுப் பிரின்டர் அந்தக் கனத்தை இழுக்காவிட்டால் சாதாரணத் தாளில் அச்சிட்டு சீரியல் டப்பா அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் கெடுவது பெரும்பாலும் அச்சிடும்போதே கெட்டுவிடுகிறது. வரைபடம் ஏ4 அளவில் இருக்கும், அதன் நீளம் 297 மி.மீ. அமெரிக்க லெட்டர் தாள் 279 மி.மீ. தாளுக்குள் அடக்கும்படி பிரின்டர் தானே சுருக்கிவிட்டால் எல்லாத் துண்டும் நூற்றுக்கு ஆறு பங்கு சிறுத்துவிடும். துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகவே பொருந்தும், அதனால் எதுவும் தெரியாது. நான்கு மணி நேரம் ஒட்டி முடித்துத் தலையில் மாட்டும்போதுதான் நெற்றியைக் கவ்வும். அச்சு அமைப்பில் நூறு சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுத்து, முதல் பக்கத்தில் தெரிந்த நீளமுள்ள ஒரு கோட்டை அடிக்கோலால் அளந்துவிட்டு மற்றப் பக்கங்களை அச்சிடுங்கள். லெட்டர் தாளில் ஓரம் வெட்டுப்பட்டால் அடுத்த பெரிய அளவான லீகல் தாளுக்கு மாறுங்கள்.

மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அடிக்கோல் வைத்து அழுத்திக் கீறியபின் மடியுங்கள். கீறாமல் மடித்தால் அட்டையின் மேல்தோல் வெடித்து வெள்ளை தெரியும். படங்களில் கம்பீரமாக வரும் முகமூடி இதுதான், ஆனால் அலுவலகத்தில் அதிகம் தொல்லை தருவதும் இதுதான். தலையை முழுதாகச் சூழ்வதால் உள்ளே பேசுவது உள்ளேயே எதிரொலிக்கும், கண்ணாடிக்கு இடமில்லை, காலடி தெரியாது. தாடைத் துண்டை ஒட்டாமல் விட்டுவிட்டால் ஓநாயும் நரியும் அரை முகமூடியாகிவிடும். அப்படிச் செய்வதானால் அட்டையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

துணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, குறையும் அதிகமில்லை. இரண்டு ஃபெல்ட் துண்டுகளுக்கு நடுவே இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கான்வாஸ் வைத்து, ஓரத்தைக் கையால் தைத்தால் இரண்டு மணி நேர வேலை. ஆந்தை, பூனை, வௌவால் மூன்றுக்கும் பொருந்தும். மூக்கும் கொம்பும் புடைத்து நிற்காது, போட்டியில் பரிசு கிடைப்பது கடினம். ஆனால் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வேலை செய்யக்கூடியது இது ஒன்றுதான், கண்ணாடியையும் இதன்மேலேயே போட்டுக்கொள்ளலாம்.

எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் துணியை முகத்திலேயே ஒட்டி எடுக்கும் முறையைச் சிலர் கேட்கிறார்கள். முகத்தின் அச்சு துல்லியமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் முகமூடியாக அது கனம், விழுந்தால் ஓரம் உடையும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். தடிமன் கூடினால் சூடும் கூடும். 2007-ல் இங்கிலாந்தில் பள்ளி மாணவி ஒருவர் கை அச்சு எடுக்கப் பிளாஸ்டர் கலவைக்குள் கைகளை வைத்து, தீப்புண்ணால் பெரும்பாலான விரல்களை இழந்தார். மெல்லிய துணிக் கீற்றில் அந்த அளவு சூடு வராது என்றாலும், ஒரு நாள் அலுவலக விழாவுக்கு ஃபாயிலே போதும். திரவ லேடெக்ஸையும் (ரப்பர் பால்) தள்ளிவைக்கலாம்: அம்மோனியா நெடி, புருவ முடியைப் பிடுங்கும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள சக ஊழியர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

எந்தப் பொருளானாலும் கண் துளையை அளவுகோலை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். இரு கருவிழிகளுக்கு இடையே பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. என்றாலும் ஆளுக்கு ஆள் ஒரு சென்டிமீட்டர் வரை மாறும். முகமூடியை மாட்டி, கண்ணாடி முன் நின்று, வெளியே இருந்து பென்சிலால் குறித்து, முதலில் சிறிதாக வெட்டிப் பிறகு கீழ்ப்பக்கமாகப் பெரிதாக்குங்கள். கீழ்நோக்கிப் பார்ப்பதுதான் படியில் காப்பாற்றும். எலாஸ்டிக் 6 மி.மீ. அகலத்தில், காதுக்குச் சற்று மேலே வரும்படி கட்ட வேண்டும். காதுக்கு நேராகக் கட்டினால் காதை மடக்கும், மிக மேலே கட்டினால் வழுக்கி உச்சிக்குப் போகும். கொம்பு வைத்த கனமான முகமூடிக்கு உச்சந்தலைமேல் இன்னொரு பட்டை தேவை, இல்லையென்றால் முழுப் பாரமும் மூக்கில் விழும். காகிதத்தில் துளையிட்டு எலாஸ்டிக்கை அப்படியே கோத்தால் இழுவையில் துளை கிழியும். உள்பக்கம் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து அதில் முடியுங்கள், இழுவை பொத்தானில் பரவிவிடும்.

ஜிகினாத் தூள் எங்கும் வேண்டாம். பொதுமேசைச் சாப்பாட்டில் உதிரும். காளி, அய்யனார் போன்ற சாமி முகங்களையும் இந்த விழாவுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. கும்பிடுகிற முகத்தைப் பேய்களின் வரிசையில் நிறுத்தினால் உடன் வேலை செய்யும் ஒருவருக்காவது மனம் புண்படும்.

விழாவன்று முகமூடியைப் பையில் திணிக்காமல், உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பெட்டியில் கொண்டுபோங்கள். கூடவே ஒரு முழ எலாஸ்டிக், சட்டைப் பொத்தான் இரண்டு, ஊசிநூல், மாஸ்கிங் டேப். ஹாட் க்ளூ கொண்டு ஒட்டிய பாகம் ஏதாவது இருந்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை வைக்க வேண்டாம். அந்தப் பசை இளகி, மதியத்துக்குள் கொம்பு சாய்ந்திருக்கும்.